மூன்றாம் நாள் நடந்தவர்கள்

புனேயில் முழங்கால் மூட்டு மாற்றிக்கொண்டவர்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. சாரஸ்பாக் பெஞ்சுகளிலும், கட்கி, ராஸ்தா பேட் பக்கத்துத் தமிழ் வீட்டு விசேஷங்களிலும், பழைய சொசைட்டிகளின் வாசல் நாற்காலிகளிலும் உட்கார்ந்திருப்பார்கள். எப்படி இருந்தது என்று கேட்டால் மராத்தியில் வந்தாலும் தமிழில் வந்தாலும் பதில் ஒன்றுதான்: மூணாம் நாளே நடந்துட்டேன். அது பொய் இல்லை. இப்போதெல்லாம் அறுவை முடிந்த அன்று மாலையோ மறுநாள் காலையோ வாக்கரைக் கையில் கொடுத்து நிற்க வைத்துவிடுகிறார்கள். மூன்றாம் நாள் வார்டு வராந்தாவில் ஒரு நடை போய்வருவது சாதாரணம். ஆனால் அடுத்து அறுவைக்குப் போகப்போகிறவருக்கு இந்த உண்மை உதவுவதைவிட அவரை ஏமாற்றுவதுதான் அதிகம். வராந்தாவில் நடந்ததற்கும் வீட்டில் நடமாடத் தொடங்கியதற்கும் நடுவில் இருந்த நாட்களை அது விழுங்கிவிடுகிறது. முழங்கால் அறுவையின் வெற்றி தோல்வியில் பெரும் பங்கு அந்த நாட்களில்தான், அதுவும் வீட்டில்தான் தீர்மானமாகிறது என்பது என் கட்சி. விலைக் கட்டுப்பாடு, காப்பீடு, விளம்பரம், புகழ் எல்லாவற்றையும் நாம் உலோகத்தின்மேல் குவித்துவிட்டு அந்த நாட்களை அவரவர் அதிர்ஷ்டத்துக்கு விட்டிருக்கிறோம். இப்படி நேர்ந்ததற்கு ஒரு காரணம், அவற்றைக் கடந்து வந்தவர்களின் நினைவே அவற்றுக்குச் சரியான சாட்சியாக இல்லை என்பது.

நினைவைக் குறை சொல்வதற்கு ஆதாரம் உண்டு. 1996இல் ரெடல்மெயர், கானமன் என்ற இரு ஆய்வாளர்கள், குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோப்பி சோதனைக்கு வந்தவர்களிடம் வலியை அந்தந்தக் கணத்திலேயே கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். சோதனை முடிந்தபின் மொத்த அனுபவத்துக்கும் மதிப்பெண் கேட்டார்கள். எவ்வளவு நேரம் வலித்தது என்பது பிந்திய மதிப்பீட்டை அநேகமாகத் தொடவே இல்லை. வலி உச்சத்தில் இருந்த கணமும் கடைசிச் சில நிமிடங்களும்தான் நினைவில் எடை போட்டன. இந்தக் கணக்கை முழங்காலுக்குப் போட்டுப் பாருங்கள். கடைசியில் நிற்பது நடை, பழைய வலியிலிருந்து விடுதலை, டாக்டரின் சிரித்த முகம். உச்சமோ மருந்து மயக்கத்தில் பாதி கரைந்துபோனது. முதுகுத்தண்டு ஊசியும் தொடை நரம்பை மரக்கச்செய்யும் ஊசியும் சேர்ந்து முதல் நாளைக் கிட்டத்தட்ட இதமாகவே வைத்திருக்கின்றன. பார்க்க வருகிறவர்கள் நோயாளியின் தெம்பைப் பார்த்து வியந்துவிட்டுப் போகிறார்கள். ஊசியின் பிடி தளர்ந்தபின் வரும் இரவுகள் வேறு ரகம். கால் கனத்துச் சூடேறிக் கிடக்கும், புரண்டு படுக்க முடியாது, தூக்கம் துண்டு துண்டாக வரும், கழிப்பறைக்குப் போகும் பத்தடி பெரிய பயணமாகும். மூட்டு மாற்றிக்கொண்ட என் நினைவிலும் இந்த இரவுகளுக்கு வரிசை இல்லை, தேதி இல்லை. எல்லாம் சேர்ந்து ஒரே இரவாகத்தான் இருக்கின்றன. நடந்த பகல் மட்டும் பளிச்சென்று நிற்கிறது. அப்படி நிற்பதால் அதையே எல்லோருக்கும் சொல்கிறோம்.

வலியைவிட முக்கியமான ஒன்று நினைவில் தங்குவதே இல்லை: தொடைத்தசை சொன்ன பேச்சைக் கேட்காமல் போவது. காலை நீட்டியபடி தூக்கு என்று மனம் ஆணையிடுகிறது. கால் அசையாமல் கிடக்கிறது. அறுவைக்கு முன் மாடியேறிய அதே கால். தேய்ந்த எலும்புமுனைகளை வெட்டியெடுத்து உலோகமும் பாலிஎத்திலீனும் பொருத்தும்போது தொடையின் முன்தசை அறுந்துபோவதில்லை, ஆனால் அணைந்துபோகிறது. வீங்கிய மூட்டிலிருந்து போகும் சேதி, தசையை இயக்கும் நரம்பைத் தடுத்துவிடுகிறது. அமெரிக்காவில் மைஸ்னர் குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வில், அறுவை முடிந்து ஏறக்குறைய ஒரு மாதத்தில் தொடை முன்தசையின் வலு அறுவைக்கு முன் இருந்ததைவிட 62 விழுக்காடு குறைந்திருந்தது. தசை மெலிந்தது அந்த இழப்பில் சிறு பங்கு. மூளையால் தசையை முழுவதுமாக இயக்க முடியாமல் போனதே பெரும் பங்கு. பிசியோ வந்து துண்டைச் சுருட்டி முழங்காலுக்கு அடியில் வைத்து "அழுத்துங்கள், விடுங்கள்" என்று திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான். வெளியே இருந்து பார்த்தால் ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும் அந்தப் பயிற்சியில், அணைந்த விளக்கைத் திரும்ப ஏற்றும் வேலை நடக்கிறது. இதே நாட்களில்தான் இன்னொன்றும் முடிவாகிறது. முழங்கால் எவ்வளவு மடங்குகிறது என்பதில்தான் எல்லோருக்கும் கண். தொண்ணூறு டிகிரி ஆயிற்றா என்று தொலைபேசியில் விசாரிப்பார்கள். ஆனால் முழுக்க நீளாத கால், மடங்காத காலைவிடத் தொல்லை. அது வாழ்நாள் முழுக்க நொண்ட வைக்கும். பயிற்சி முடிந்ததும் துண்டை எடுத்துவிட வேண்டும். ஓய்வில் தலையணை குதிகாலுக்கு அடியில் இருக்கலாம், முழங்காலுக்கு அடியில் கூடாது. வீட்டில் நடப்பது நேர்மாறு. பாவம், வலிக்கிறதே என்று மனைவியோ மகளோ பணிப்பெண்ணான மாவ்ஷியோ முழங்காலுக்கு அடியில் மெத்தென்று ஒரு தலையணையைச் செருகுகிறார்கள். இரவு முழுவதும் கால் மடங்கியே கிடக்கிறது. அன்பினால் விளையும் கேடு என்று ஒரு பட்டியல் போட்டால் இந்தத் தலையணைக்கு அதில் நல்ல இடம் உண்டு.

நம் நாட்டில் இந்த அறுவையைப் பேச்சுப்பொருளாக்கியது ஒரு பிரதமரின் முழங்கால். அடல் பிஹாரி வாஜ்பாயிக்கு மும்பை பிரீச் கேண்டி மருத்துவமனையில் 2000 அக்டோபரில் இடது முழங்காலும் 2001 ஜூனில் வலது முழங்காலும் மாற்றப்பட்டன. செய்தவர் சித்தரஞ்சன் ரணாவத். மத்தியப் பிரதேசத்தில் பிறந்து இந்தூரில் மருத்துவம் படித்து நியூயார்க்கில் பேர் வாங்கியவர். 1974இல் பயன்பாட்டுக்கு வந்து, இன்று நடக்கும் முழங்கால் மாற்றுக்கெல்லாம் மூதாதையாகக் கருதப்படும் 'டோட்டல் காண்டைலர்' மூட்டை ஜான் இன்சால், பீட்டர் வாக்கர் ஆகியோரோடு சேர்ந்து உருவாக்கியவர்களில் ஒருவர் அவர். தகுந்த கை, தகுந்த நோயாளி. இரண்டாவது அறுவை முடிந்து ஆறு வாரம் ஆவதற்குள் வாஜ்பாய் ஆக்ராவில் பாகிஸ்தான் அதிபர் முஷாரஃபோடு பேச்சுவார்த்தையில் இருந்தார். நாடு தொலைக்காட்சியில் பார்த்தது அவர் நடையை. எவ்வளவு மெதுவாக நடக்கிறார், படியில் எப்படி ஏறுகிறார் என்று டீக்கடையில்கூட அலசினார்கள். அதில் நல்லதும் விளைந்தது: வயதானால் முட்டி வலி விதி என்று மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு தலைமுறை எழுந்து எலும்பு டாக்டரிடம் போயிற்று. ஆனால் பிரதமருக்கு வாசல்வரை கார் வரும், பக்கத்தில் ஆள் இருக்கும், சரிவுப்பாதை வேண்டுமென்றால் ராத்திரியோடு ராத்திரியாகப் போட்டுவிடுவார்கள். கேமராவுக்குப் பின்னால் இருந்த இந்த ஏற்பாடு அவருடைய மூட்டின் ஒரு பகுதி. அது இல்லாத வீடுகளுக்கு மூட்டு மட்டும் போய்ச்சேர்ந்தது.

மூட்டோடு இந்த ஏற்பாடும் வேண்டும் என்பதைப் புனே அறியாத ஊர் அல்ல என்பதுதான் வேடிக்கை. இரண்டாம் உலகப் போரில் கால் இழந்து வந்த சிப்பாய்களுக்காக 1944இல் இங்கே செயற்கை உறுப்பு மையம் தொடங்கியது ராணுவம். கட்டைக்காலை மாட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டால் சிப்பாய் அதைக் கழற்றிப் பரணில் போட்டுவிடுவான் என்று அவர்களுக்குத் தெரியும். உறுப்பும் அதில் நிற்கக் கற்பதும் ஒரே சிகிச்சை என்று வைத்துக்கொண்டார்கள். சிவாஜிநகரில் காந்திலால் சஞ்செத்தி எழுப்பிய எலும்பு மருத்துவமனையின் பெயர்ப்பலகையிலேயே மறுவாழ்வுச் சிகிச்சையும் இருக்கிறது. அதே நிறுவனக் குடும்பத்தில் பிசியோதெரபி கல்லூரியும் உண்டு. 2012இல் பத்ம விபூஷண் பெற்ற சஞ்செத்தி, இந்தியர்களின் உடலமைப்பையும் தரையில் உட்காரும் பழக்கத்தையும் மனதில் வைத்து 'இண்டஸ்' என்ற செயற்கை முழங்காலை வடிவமைத்தவர். வெளிநாட்டு எலும்பளவுக்கு வார்த்த உலோகத்தை நம் கால்களில் திணிக்க வேண்டாம் என்ற எண்ணம் இந்த ஊரிலிருந்து வந்தது. அந்த எண்ணத்தை இன்னும் ஓர் அடி நீட்டினால், உலோகத்துக்கு இந்தியக் காலின் அளவு பார்ப்பதுபோல மீட்சிக்கு இந்திய வீட்டின் அளவையும் பார்க்க வேண்டும் என்று வருகிறது. அந்த ஓர் அடியைத்தான் யாரும் வைக்கவில்லை.

அரசு என்ன செய்தது என்று பாருங்கள். 2017 ஆகஸ்டில் தேசிய மருந்து விலை ஆணையம் முழங்கால் மூட்டுகளுக்கு உச்சவிலை விதித்தது. சராசரியாக ஒன்றரை லட்ச ரூபாய்க்கு மேல் விற்ற கோபால்ட் குரோமியம் மூட்டு 54,720 ரூபாய்க்கு வந்தது; இரண்டரை லட்சத்தைத் தொட்டிருந்த டைட்டானியம் வகை 76,600 ரூபாய்க்கு. துணிச்சலான, தேவையான ஆணை. இறக்குமதியாளரிடமிருந்து நோயாளியிடம் வருவதற்குள் அந்த உலோகம் எத்தனை கைகளில் கொழுத்தது என்பதை அம்பலப்படுத்தியது. மூட்டின் விலை இறங்கிய அளவுக்கு மொத்தக் கட்டணம் இறங்கவில்லை என்ற புகார் அப்போதே எழுந்தது. அது தனிக் கதை. எனக்கு இங்கே வேண்டியது, அந்த ஆணை எதைத் தொட்டது என்பது. எடைபோட்டு விலை வைக்கக்கூடிய பொருளைத் தொட்டது. அதற்கு அப்பால் காப்பீடு வருகிறது. ஆயுஷ்மான் பாரத் திட்டம் வீடு திரும்பியபின் பதினைந்து நாள் செலவை ஏற்கிறது. தனியார் பாலிசிகள் பொதுவாக அறுபது நாள்வரை போகின்றன. தையல் பிரிப்பதே ஏறத்தாழ இரண்டு வாரத்தில்தான். வீக்கம் இறங்கி, காயத்தின் பயம் போய், உண்மையான பயிற்சி தொடங்கும்போது அரசுத் திட்டம் கதவைச் சாத்திக்கொள்கிறது. அறுபது நாள் உள்ளவருக்கும், வீட்டுக்கு வரும் பிசியோவின் பில்லை ஏற்பார்களா மாட்டார்களா என்பது ஆளுக்கு ஆள் மாறும். டிஸ்சார்ஜ் சம்மரியில் மூட்டின் பிராண்டு, அளவு, தொகுதி எண் எல்லாம் ஸ்டிக்கராக ஒட்டப்பட்டிருக்கும். நோயாளி எத்தனையாவது மாடியில் இருக்கிறார், லிஃப்ட் உண்டா, இரவில் கழிப்பறைக்குக் கைபிடித்து அழைத்துப்போக யார் இருக்கிறார்கள் என்று கேட்கும் கட்டம் அதில் இருப்பதில்லை.

இதற்கு டாக்டர்கள் சொல்லும் முதல் மறுப்பு: காலம் மாறிவிட்டது, ரோபோ உதவியோடு வெட்டுகிறோம், இரத்தம் கசியாமல் மருந்து கொடுக்கிறோம், அன்றே நிற்க வைக்கிறோம், மீட்சி இப்போது பெரிய விஷயமே இல்லை. எலும்பை வெட்டும் துல்லியம் கூடியிருப்பது உண்மை. ஆனால் ரோபோ தொடைத்தசையோடு பேசுவதில்லை. டென்மார்க்கின் ஹென்றிக் கேலட் 1990களில் தொடங்கி வளர்த்த விரைவு மீட்சி முறையும் நல்ல முறைதான். படுக்கையில் நாட்கணக்காகக் கிடப்பதால் வரும் இரத்தக்கட்டியையும் நிமோனியாவையும் குறைத்தது. மருத்துவமனை நாட்கள் பத்திலிருந்து மூன்றாகச் சுருங்கின. சுருங்கிய ஏழு நாட்களின் வேலை எங்கே போயிற்று? ஆவியாகிவிடவில்லை, வீட்டுக்கு இடம் மாறியது. மருத்துவமனையில் வார்டு உதவியாளர்களான மாமாவும் மாவ்ஷியும், சிஸ்டரும் முறைபோட்டுச் செய்ததை இப்போது ஒரு மருமகளோ, அவளே ஐம்பது கடந்த மனைவியோ, ஹிஞ்சவடி ஐடி நிறுவனத்தில் வேலைக்கு லீவு சொன்ன மகனோ செய்கிறார்கள். வேலை கணக்கிலிருந்து மறைந்ததைச் செலவு குறைந்தது என்று சொல்வது கணக்கு அல்ல. புனேயின் வீடுகளும் இதற்கென்றே கட்டியவைபோல் இல்லை. பேட்டைகளில் வாடா எனப்படும் பழைய வீடுகளில் செங்குத்தான மரப்படிகள், பிடித்துக்கொள்ளச் சில இடங்களில் கயிறு மட்டும். எழுபது எண்பதுகளில் கட்டிய மூன்று நான்கு மாடிச் சொசைட்டிகளில் லிஃப்ட் இல்லாதவை ஏராளம். அன்று இளம் தம்பதியாகக் குடிவந்தவர்கள்தான் இன்று அங்கே முழங்கால் மாற்றிக்கொள்ளும் வயதில் இருக்கிறார்கள். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அறுத்த கால் முதலில் என்று பிசியோ சொல்லிக்கொடுப்பார். பாடம் எளிது. ஆனால் மருத்துவமனையில் பழகிய நான்கு படிக்கு இருபுறமும் கைப்பிடி இருந்தது.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கடுமையானது, ஆய்விலிருந்து வருவது. மருத்துவமனைப் பயிற்சி அவசியம் என்பதே மிகை என்கிறது அது. சிட்னியில் நடந்து 2017இல் வெளியான ஒரு சோதனையில் 165 பேரைக் குலுக்கிப் பிரித்து, ஒரு பிரிவை மறுவாழ்வு மையத்தில் பத்து நாள் தங்கவைத்து அதன்பின் வீட்டுப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். மறு பிரிவை நேரே வீட்டுப் பயிற்சிக்கு. ஆறு மாதம் கழித்து ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்று அளந்தால் பெரிய வேறுபாடு இல்லை. அப்படியானால் நான் கேட்பது வீண் செலவா? இந்த முடிவை நான் மறுக்கவில்லை, வரவேற்கிறேன். வீடே மீட்சியின் இடம் என்று அது சொல்கிறது. நானும் அதைத்தான் சொல்கிறேன். ஆனால் அங்கே வீட்டுக்குப் போனவர்களைக் கைகழுவி அனுப்பவில்லை. பயிற்சி வகுத்துக் கொடுத்து, தேர்ந்தவர்கள் கவனித்துவந்த வீட்டுத் திட்டம் அது. இங்கே வீட்டுத் திட்டம் என்பது பெரும்பாலும் மங்கலான ஜெராக்ஸ் தாளில் ஆறு படங்கள். விலை உயர்ந்த பொருளுக்கே நம் மனம் போகும் என்பதற்கு இன்னோர் உதாரணம், காலைக் கட்டிவைத்துத் தானாக மடக்கி நீட்டும் சிபிஎம் இயந்திரம். பார்க்க நம்பிக்கை தரும், பில்லிலும் இடம்பிடிக்கும். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2014 தொகுப்பாய்வு, அதனால் முழங்கால் கூடுதலாக மடங்குவது ஏறத்தாழ 2 டிகிரி என்று கணக்கிட்டது. நோயாளி தானே பல்லைக் கடித்துக்கொண்டு குதிகாலை மெத்தைமேல் இழுத்து மடக்கும் பயிற்சிக்கு இயந்திரமும் வேண்டாம், வாடகையும் வேண்டாம். எண்ணிக்கை தவறாமல் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும்.

பயிற்சி இவ்வளவு முக்கியமென்றால் அறுவையே எதற்கு என்று மூன்றாவதாகக் கேட்பார்கள். 1937இல் புனேக்கு வந்து 2014இல் இங்கேயே மறைந்த பி.கே.எஸ். அய்யங்காரின் ஊரில் இந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். கயிறு, பெல்ட், நாற்காலி, திண்டு என்று சாமான்களைத் துணைக்கு வைத்து வளையாத உடலையும் ஆசனத்தில் உட்கார வைத்தவர் அவர். நல்ல பிசியோவின் அறைக்கும் அவருடைய யோகசாலைக்கும் ஒரு ஜாடை உண்டு. ஆனால் விடை டென்மார்க்கின் ஒரு சோதனையில் இருக்கிறது. 2015இல் ஸ்கோ குழுவினர் நூறு பேரில் பாதிப்பேருக்கு அறுவையும் அதன்பின் பயிற்சியும், மறு பாதிக்குப் பயிற்சியும் உணவுமுறையும் வலிமருந்தும் மட்டும் கொடுத்தார்கள். ஓராண்டில் அறுவைப் பிரிவின் முன்னேற்றம் மற்றதைப்போல் இரண்டு மடங்கு. கடுமையான பக்கவிளைவுகளும் அங்கேதான் அதிகம். அறுவையில்லாத பிரிவில் நால்வரில் மூவர் அந்த ஓராண்டு அறுவையின்றியே ஓட்டினார்கள். எலும்போடு எலும்பு உரசும் நிலைக்குப் போன முழங்காலுக்கு அறுவைக்கு மாற்றில்லை. பொருத்திய மூட்டுகளில் ஏறத்தாழ 82 விழுக்காடு இருபத்தைந்து ஆண்டு தாங்குகின்றன என்று 2019இல் லான்செட் இதழில் வந்த தொகுப்பாய்வு சொல்கிறது. ஆக, உலோகம் தன் வேலையைச் செய்கிறது. அப்படி இருந்தும் ஐந்தில் ஒருவர் அறுவைக்குப் பின்னும் திருப்தியில்லை என்று சொல்வதாக மேல்நாட்டு ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காண்கின்றன. மூட்டு நன்றாக இருந்தும் மனிதர் நன்றாக இல்லை என்றால், கோளாறை மூட்டுக்குள் மட்டும் தேடிக்கொண்டிருப்பதில் பயனில்லை. மராத்தி அண்டைவீட்டார் கொண்டுவரும் டிங்கு என்ற பிசின் லட்டும் நம்மவர் அரைக்கும் பிரண்டைத் துவையலும் இந்த ஐவரில் ஒருவருக்கு என்ன செய்யும் என்று யாரும் சோதித்ததாகத் தெரியவில்லை; நாக்குக்கு நல்லவை, அவ்வளவு உறுதி.

இதையெல்லாம் முன்கூட்டியே சொன்னால் பயந்து யாரும் அறுவைக்கு வரமாட்டார்கள் என்பது கடைசி மறுப்பு. மூணாம் நாள் வாக்கியத்தைக் காப்பாற்றி வைத்திருப்பதும் இந்தக் கவலைதான். வெறுமனே சொல்வதால் பெரிய நன்மையும் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அறுவைக்கு முன் விளக்கவுரை நடத்துவதால் மட்டும் வலியோ நடமாட்டமோ வழக்கத்தைவிட மேம்படுவதற்குப் போதிய சான்றில்லை என்று இன்னொரு காக்ரேன் ஆய்வு சொல்கிறது. சொல்வதற்குப் பதில் ஏற்பாடு செய்யலாம். அறுவைக்குத் தேதி குறிக்கும் முன் ஒரு பிசியோ வீட்டுக்கு வந்து படியையும் கழிப்பறையையும் பார்க்கட்டும். இந்தியன் கக்கூஸ் என்றால் கமோடு நாற்காலிக்கும், மூன்றாவது மாடி என்றால் கீழ்வீட்டில் ஒரு மாதம் தங்கவும் வழி தேடலாம். வீட்டுக்கு வந்து தரும் பயிற்சியை மருத்துவமனையின் பேக்கேஜுக்குள் எழுத்தில் கொண்டுவரலாம். பார்த்துக்கொள்ளப்போகிற பெண்ணுக்கு, தலையணையை எங்கே வைக்கக்கூடாது என்பதிலிருந்து ஆடுசதை வீங்கினால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதுவரை ஒரு மணி நேரம் தனியாகச் சொல்லிக்கொடுக்கலாம். பிசியோதெரபி உள்ளிட்ட துணைமருத்துவத் தொழில்களை முறைப்படுத்த 2021இல் சட்டமே வந்துவிட்டதால், தகுதியுள்ள பிசியோ யார் என்று தெரியாமல் காப்பீட்டுக்காரர்கள் தயங்குகிறோம் என்ற சாக்கு நாளாக நாளாக மெலிந்துகொண்டு வருகிறது. வீட்டுக்கு வரும் பயிற்சிக்கு இப்போதைய விகிதத்தில் பத்து முறை பணம் கொடுத்தாலும், 2017க்கு முன் ஒரு மூட்டின்மேல் ஏற்றிய லாபத்தில் ஒரு சிறு துண்டுதான் அது ஆகும்.